பியூலா பார்க்காத கோடை

ஏப்ரல் 12, சனி

காலையில் மஸ்கட்டிலிருந்து பியூலா போன் செய்தாள். இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, மே முதல் வாரமே வருகிறாளாம். ஒரு மாத விடுப்பு. மருத்துவமனையில் அவளுடைய நர்ஸ் வேலைக்கான ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று ஜூன் தொடங்குவதற்குள் அவள் பதில் சொல்ல வேண்டும்.

"ஊருக்கு வந்து யோசிச்சுட்டுச் சொல்லுதேன்னு சொல்லிருக்கேன்" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றேன். அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது.

"வெயில் கடுமையா இருக்கும். ஏசி மாட்டிரட்டுமா?"

"வேண்டாம். வார்டுலயும் ஏசி, ரூம்லயும் ஏசி, வண்டிலயும் ஏசி. எலும்புக்குள்ள குளிர் ஏறிப்போய்க் கெடக்கு. ஒரு மாசமாவது சும்மா காத்துல இருக்கணும்."

வழக்கமாகச் சனிக்கிழமை பகல் முழுக்கப் பள்ளி மைதானத்தில்தான் இருப்பேன். உடற்கல்வி ஆசிரியனுக்கு வெயில் புதிதல்ல. இன்று பயிற்சியைச் சீக்கிரம் முடித்துவிட்டு உச்சிவெயில் தாழ்ந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து, ஹாலைத் திறந்து உள்ளே போனேன். பாளையங்கோட்டையில் இந்த வீட்டைக் கட்டியதிலிருந்து அந்த நேரத்தில் அந்த ஹாலில் நான் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுப்படியில் சாப்பிடுவேன், முன்னறைக் கட்டிலில் படுப்பேன். ஹாலுக்கு எனக்கு வேலை இருந்ததில்லை.

உள்ளே ஓர் அடுப்புக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. மேற்குச் சுவரோடு ஒட்டிய வெல்வெட் சோபா. தரை முழுக்கக் கம்பளம். அரக்கு நிறத் திரைச்சீலை. ஆரஞ்சு வண்ணச் சுவர், அது நான் தேர்ந்தெடுத்தது. ஷோகேஸில் பியூலா வருஷா வருஷம் கொண்டு வந்த பொம்மைகள், பிளாஸ்டிக் பூக்கள், உறை பிரிக்காத கண்ணாடிக் கோப்பைகள்.

என் மனைவி சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. டிசம்பரில் மட்டுமே பார்த்திருக்கிறாள். வந்து இந்த ஹாலில் கால் வைத்தால் மறுநாளே விமானம் ஏறிவிடுவாள்.

விடுப்பு முடிந்ததும் எப்படியும் ஏறத்தான் போகிறாள், அது வேறு விஷயம். வந்த இடத்தில் அவள் கஷ்டப்படக் கூடாது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஆலயத்திலிருந்து வந்ததும் ஜெமிமாவைக் கூப்பிட்டேன். என் மகள் பெங்களூரில் வீட்டு உள்ளலங்காரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஊரார் வீட்டையெல்லாம் சரிசெய்கிறவள் அப்பாவுக்கு நாலு வார்த்தை சொல்லமாட்டாளா.

வீடியோவில் ஹாலைச் சுற்றிக் காட்டினேன்.

"ப்பா, எதையும் வாங்காதீங்க. மொதல்ல வெளிய எடுங்க. கோடைக்கு வீட்ட ரெடி பண்றதுன்னா பாதி வேலை எடுக்கறதுதான்."

"எதை எடுக்க?"

"கம்பளத்த எடுங்க. வெல்வெட்ட எடுங்க. இந்த மாதிரி துணியெல்லாம் சூட்டப் பிடிச்சு வச்சிக்கும். சோபாவ மேற்குச் சுவர்ல இருந்து தள்ளிப் போடுங்க. சாயந்திரம் அந்தச் சுவர் தோசைக்கல்லு மாதிரி இருக்கும்ல? அப்பறம் ஷோகேஸ். எத்தன பொம்ம இருக்குப்பா அதுல? ஒரு ரூம்ல கண்ணு போய் நிக்கறதுக்கு ஓர் இடம் இருந்தாப் போதும். மிச்சம் காலியா இருக்கணும். காலி இடம்தான் குளுமை."

"அதெல்லாம் உங்கம்மா கொண்டு வந்தது."

"அம்மாவுக்கு அதெல்லாம் ஞாபகம்கூட இருக்காது. நிறம் வெளிறி இருக்கட்டும். துணி பருத்தியா இருக்கட்டும். ஜன்னலுக்கும் எதிர் ஜன்னலுக்கும் நடுவுல எதுவும் நிக்கக் கூடாது. மத்தது அடுத்த வாரம் பேசுறேன், இங்க ஒரு சைட் போகணும்."

எழுதிக்கொண்டேன். எடு, தள்ளு, வெளிறிய நிறம், பருத்தி, காற்றுக்கு வழி. ஓட்டப் பந்தயத்துக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வது போலத்தான். தேவையில்லாத எடை எதுவும் இருக்கக் கூடாது.

ஏப்ரல் 15, செவ்வாய்

கம்பளத்தைச் சுருட்டிப் பரணில் ஏற்றினேன். கீழே இவ்வளவு நல்ல தரை இருப்பது மறந்தே போயிருந்தது.

ஏப்ரல் 19, சனி

ஷோகேஸைக் காலி செய்தேன். ஒவ்வொன்றையும் எந்த வருஷம் கொண்டு வந்தாள் என்று என்னால் சொல்ல முடிகிறது. கண்ணாடிக்குள் நீந்துகிற வாத்து, ஜெமி மூன்றாம் வகுப்பு. ஒட்டகம், ஜெமி பெரிய மனுஷியான வருஷம். எல்லாவற்றையும் பழைய வேட்டியில் பொதிந்து அட்டைப்பெட்டியில் வைத்தேன். உடையவில்லை. மதியம் சாப்பாடு கொள்ளவில்லை, வெயில்தான் காரணம்.

காலி ஷோகேஸைப் பள்ளி விளையாட்டு அறைக்குக் கொடுத்துவிட்டேன். ஜெமி சொன்னது சரிதான். ஹால் மூச்சு விடுகிறது.

ஏப்ரல் 23, புதன்

கடைசித் தேர்வு முடிந்தது. இனி ஜூன் வரை பள்ளி இல்லை. கோடைப் பயிற்சி முகாம் மட்டும், அதுவும் அதிகாலையில்.

மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மைதானத்தில் வருஷமெல்லாம் கோடு போட்டுப் பழகிய கை, ஆளை வைக்கவில்லை. அடித்துவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தால் வித்தியாசம் தெரிகிறது. மின்விசிறியிலிருந்து இப்போது அனல் இறங்கவில்லை.

அந்த உற்சாகத்தில் வீட்டுக்குள்ளும் வெள்ளை அடித்துவிடுவது என்று முடிவுசெய்தேன். வெளிறிய நிறம் என்றால் வெள்ளையைவிட வெளிறியது எது? கடைக்காரர் ஓர் அட்டையை விரித்து, இளமஞ்சள், பாதாம் நிறம், கிளிப்பச்சையில் பால் கலந்ததுபோல ஒன்று என்று வரிசையாகக் காட்டினார். எனக்கு எல்லாம் ஒன்றுபோல் தெரிந்தது. "வெள்ளையே கொடுங்க" என்றேன். "நல்ல வெள்ளையா சார்?" என்றார். "நல்ல வெள்ளை."

திரைச்சீலைக்கு வெள்ளைக் காடாத் துணி. மெத்தை விரிப்பும் தலையணை உறையும் வெள்ளை. குண்டு பல்பு சூடு என்பதால் எல்லா அறையிலும் டியூப்லைட். வீடு பளிச்சென்று இருக்கிறது. ஜெமிக்குப் படம் அனுப்பினேன். 'சூப்பர் ப்பா, சைட்ல இருக்கேன், அப்பறம் பாக்குறேன்' என்று பதில் வந்தது.

ஏப்ரல் 26, சனி

படுக்கையறையில் இருந்த பெரிய தேக்குக் கட்டில் காற்றை மறைக்கிறது. அதைப் பிரித்து ஜெமியின் அறைக்கு மாற்றிவிட்டு, இரண்டு ஒற்றை இரும்புக் கட்டில்கள் வாங்கிப் போட்டேன். நடுவில் ஆள் நடக்க இடம். ஜன்னல் காற்று இரண்டுக்கும் நடுவே தாராளமாகப் போகும். பியூலா தனியாகப் படுத்துப் பழகியவள். நானும் அப்படித்தான். யாருக்கும் சங்கடம் இருக்காது.

காற்றோட்டத்துக்காகத்தான் செய்தேன்.

மே 1, வியாழன்

வெயில் ஏறுவதற்கு முன் மேற்கு, தெற்கு ஜன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடங்கியது. ஹாலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். தாங்குகிறது. பியூலாவும் தாங்குவாள்.

மே 6, செவ்வாய்

வந்துவிட்டாள்.

திருவனந்தபுரம் போய் அழைத்து வந்தேன். டிசம்பரில் பார்த்ததற்கு இளைத்திருந்தாள். காதோரம் நரை கூடியிருந்தது. காரில் பாதி வழி தூங்கிக்கொண்டே வந்தாள். வள்ளியூர் தாண்டியதும் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். காற்று நெருப்பாய் அடித்தது. முகத்தை அதற்குக் கொடுத்துக்கொண்டு, "வெயில் நாத்தம் இப்பிடித்தான் இருக்கும்" என்றாள், யாரையோ அடையாளம் கண்டுகொண்டதுபோல.

வீட்டுக்குள் நுழைந்தவள் ஹால் நடுவில் நின்றுவிட்டாள். சுவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மேலே டியூப்லைட்டைப் பார்த்தாள். நான் செய்தது ஒவ்வொன்றையும் விளக்கிச் சொன்னேன். படுக்கையறையையும் காட்டினேன். இரண்டு கட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்பிடி இருக்கு?" என்றேன்.

"நல்லாருக்கு" என்றாள். "சுத்தமா இருக்கு."

திருப்திதான்.

மே 8, வியாழன்

பியூலா காலையில் எழுந்ததும் தன் கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து, நாலு மூலையும் மடித்துச் சொருகிவிடுகிறாள். பிறகு என்னுடையதையும் அப்படியே செய்கிறாள். நான் புரண்டால்கூட விரிப்பு கலைவதில்லை. நல்ல பழக்கம்.

பகலில் பின்வாசல் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே முருங்கை நிழல் அரைகுறை. ஹால் அதைவிடக் குளுமை என்று சொல்லிப் பார்த்தேன். "இங்கன காத்து வருது" என்றாள்.

மே 11, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

இன்று மதியம் சாப்பாட்டை ஹாலில் வைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு பியூலா மறுபடி பின்வாசலுக்குக் கிளம்பினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏளா, ஒனக்காகத்தான ஒரு மாசமா இந்த வீட்ட இழைச்சிருக்கேன். அஞ்சு நிமிஷம் உக்காந்து சாப்பிடக் கூடாதா? என்ன கொற?"

"கொற ஒண்ணும் இல்லங்க."

"பின்ன எதுக்கு அனல்ல போய் உக்காருத?"

தட்டைக் கீழே வைத்தாள். சிரிப்பதுபோல ஆரம்பித்தாள். அப்படியே அது அழுகையாக மாறியது. நான் பயந்துவிட்டேன். தண்ணீர் கொண்டு வந்தேன். குடிக்கவில்லை.

"கோவப்படாதிய" என்றாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கிய. ஆனா வீட்டுக்குள்ள வந்தா எனக்கு டியூட்டிக்கு வந்த மாதிரி இருக்கு. வெள்ளச் சுவரு, வெள்ளத் திரை, தலைக்கு மேல டியூப்லைட்டு. ரெண்டு இரும்புக் கட்டிலு, நடுவுல நர்ஸ் நடக்க எடம். காலைல முழிச்சதும் பக்கத்துக் கட்டில்ல ஆளப் பாத்து, நாடி பாக்கணும்னு கை தானாப் போவுதுங்க. நேத்து ஒங்க கையப் பிடிச்சிட்டேன், நீங்க தூங்குதிய."

நான் சுற்றிலும் பார்த்தேன். ஒரு மாதமாக நான் பார்க்காத ஒன்றை அப்போதுதான் பார்த்தேன். தவறே சொல்ல முடியாத ஒரு வார்டு. நோயாளிதான் இல்லை.

"சாம்பாருக்கு உப்பு கம்மி" என்றேன். எழுந்து போய் உப்பு எடுத்து வந்தாள். இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அங்கே காற்று வரத்தான் செய்கிறது.

மே 12, திங்கள்

முகாமிலிருந்து தாமதமாகத்தான் வந்தேன். இட்லி நன்றாக இருந்தது.

மே 13, செவ்வாய்

காலையில் பியூலாவே ஜெமியைக் கூப்பிட்டாள். நான் அடுப்படியில் இருப்பது தெரிந்தே ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா கிட்ட நீ என்னட்டி சொல்லிக் குடுத்த?"

"வெளிறின நிறம்னு சொன்னேன்மா. வெள்ளைன்னு சொல்லல." அந்தப் பக்கம் அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. "தப்பு என் பேர்லதான். எங்க வேலைல மொதல்ல கேக்க வேண்டிய கேள்வியையே நான் கேக்கல. ஆளு எங்க உக்காருவாங்க, எப்படி உக்காருவாங்கன்னு பாத்துட்டு அப்பறம்தான் சாமானத் தொடணும். நீங்க எங்கம்மா உக்காருவீங்க?"

பியூலா யோசித்தாள். "தரைல" என்றாள். "காலை நீட்டிக்கிட்டு. நின்னே வேலை பாத்தவளுக்குச் சோபா எதுக்கு?"

"அப்ப சோபாவே வேண்டாம். தாழ உக்காந்தா சூடும் கம்மி. சுவத்த விடுங்க, வெள்ளை பரவால்ல. துணிலயும் வெளிச்சத்துலயும் நிறத்தக் கொண்டு வாங்க. டியூப்லைட்ட அணைச்சிட்டு மூலைல மஞ்சள் வெளிச்சம் ஒண்ணு வைங்க. சின்ன எல்ஈடிதான், சூடு வராது."

போனை வைத்துவிட்டு, பியூலா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"திரைய எல்லாம் கழட்டுங்க. சாயம் முக்குவோம்" என்றாள்.

கடையில் நீலப்பொடியும் பச்சைப்பொடியும் வாங்கி வந்தோம். கிணற்றடியில் பெரிய அண்டாவில் வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, பொடியைக் கரைத்தோம். கடல் நிறம் வரும் என்றாள் அவள். பச்சை தூக்கலாகிவிட்டது என்றேன் நான். குச்சியால் நான் கிண்ட, அவள் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அவள் சேலை முந்தானையிலும் என் பனியனிலும் சாயம். கடைசியில் வந்தது கடல் நிறமில்லை. இளநீர்க்காயின் நிறம். ஒரு திரை கொஞ்சம் அடர்த்தி, ஒரு திரை கொஞ்சம் வெளிறல், ஒன்றில் திட்டுத்திட்டாக.

"திட்டு விழுந்தத மறுபடி முக்கிரட்டுமா?"

"வேண்டாம்" என்றாள். "ஆசுபத்திரில ஒரு திட்டு விழுந்த துணியக் காட்டுங்க பாப்போம். அது அப்பிடியே இருக்கட்டும்."

கொடியில் எல்லாம் காய்ந்ததும் மாட்டினோம். சாயங்கால வெயில் அந்தத் துணி வழியாக வந்து தரையில் பச்சையாக விழுந்தது. அவள் அந்த வெளிச்சத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஹாலில்.

மே 17, சனி

பியூலாவைப் பைக்கில் வைத்துப் பத்தமடைக்குப் போனேன். கோரைப்பாய் வாங்க. மெல்லிய பாய்கள், துணிபோல மடிகின்றன. உட்கார்ந்தால் உடம்பில் ஒட்டுவதில்லை. நான் ஓரத்தில் பச்சைக்கோடு போட்டதை எடுத்தேன். அவள் மஞ்சளும் சிவப்புமாக ஒன்றை எடுத்தாள். கோடைக்குச் சிவப்பு ஆகாது என்று ஜெமி சொன்னதாகச் சொன்னேன். அங்கேயே நின்று ஜெமிக்குப் போன் போட்டுவிட்டாள். "எல்லாமே குளுமையா இருந்தா எதுவுமே குளுமையாத் தெரியாது. சூடா ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும், சின்னதா" என்று தீர்ப்பு வந்தது. இரண்டையும் வாங்கினோம்.

திரும்பும் வழியில் சேரன்மகாதேவி ஆற்றுப்பாலத்தில் நிறுத்தச் சொன்னாள். தண்ணீர் கொஞ்சமாக ஓடியது. பைக்கில் ஏறும்போது என் தோளைப் பிடித்த கையைப் பிறகு எடுக்கவில்லை. சாலை மோசம்.

சாயங்காலம் நான் மைதானத்துக்குப் போய்விட்டு வந்தபோது இரும்புக் கட்டில்கள் இரண்டும் ஒட்டிக் கிடந்தன. நடுவில் இடைவெளி தெரியாமல் மேலே ஒரே விரிப்பு. ஊதா நிறத்தில் பழைய சேலை ஒன்றைப் பிரித்துத் தைத்திருக்கிறாள்.

காற்றோட்டம் ஒன்றும் குறையவில்லை.

மே 21, புதன்

நல்ல நாள். சோபாவைத் திருச்சபை அலுவலகத்துக்குக் கொடுத்தோம். ஹால் ஜன்னலடியில் நாலு பூந்தொட்டிகளை ஒன்றாகக் கூட்டி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு மூலைக்கும் ஒன்றாக வைத்தால் காவலுக்கு நிற்பதுபோல இருக்கும், சேர்த்து வைத்தால்தான் தோப்பு மாதிரி தெரியும் என்கிறாள். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி. தண்ணீர் தெளிப்பது என் வேலை. மதியம் இருவரும் பாயில் படுத்தோம். ஜெமி பிறந்த அன்று மருத்துவமனையில் நான் மயங்கி விழுந்ததை அவள் மறுபடி சொல்லிச் சிரித்தாள். நான் விழவில்லை, உட்கார்ந்தேன். எத்தனை முறை சொன்னாலும் நம்பமாட்டாள்.

மே 24, சனி

ஜெமி வந்தாள். இரண்டு நாள்தான். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு ஹாலைச் சுற்றி வந்தாள்.

"ப்பா, நான் சொன்னது இதுல பாதிகூட இல்லையே."

"இல்ல."

"நல்லாருக்கு" என்றாள். பிறகு தொழில் தெரிந்தவள் குரலில், "எங்க ஆபீஸ்ல இந்தத் திட்டு விழுந்த திரைக்குன்னே தனியா டிசைன் போடுவாங்க. நீங்க ஓசில பண்ணிட்டீங்க."

ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, மெதுவாக, "அம்மா என்ன முடிவு பண்ணிருக்காங்க?" என்றாள்.

"அவ இஷ்டம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதத்தான் சொன்னேன்."

அவள் துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தாள்.

மே 27, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்து பியூலாவுக்குப் போன் வந்தது. வார்டு முழுவதற்கும் பொறுப்பாளராகப் போடுகிறார்களாம். இந்த வாரத்துக்குள் பதில் வேண்டுமாம். பேசி முடித்துவிட்டு வந்து என் எதிரில் பாயில் உட்கார்ந்தாள். என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நல்ல விஷயந்தான" என்றேன்.

"நான் என்ன செய்யட்டும்?"

"உன் இஷ்டம், பியூலா. நீ எது செஞ்சாலும் எனக்குச் சரி."

அவள் முகம் மாறியது. பல வருஷத்தில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்றும் உயர்த்தவில்லை, தாழ்த்தித்தான் பேசினாள். அதுதான் தாங்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும் இதத்தான் சொல்லுதிய. ஒன் இஷ்டம், ஒன் இஷ்டம். எனக்கு அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா? வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. ஒவ்வொரு டிசம்பரும் வந்து பாத்தா, நான் கொண்டு வந்ததெல்லாம் கண்ணாடிக்குள்ள பத்திரமா இருக்கும். நான் இல்லாமலே இந்த வீடு நல்லாத்தான் ஓடுது. விருந்தாளி மாதிரி வந்துட்டு விருந்தாளி மாதிரிப் போவேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, போகாதன்னு நீங்க சொல்லிருக்கியளா?"

நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டேன். வெயில் உச்சியில் இருந்தது. ஒரு குருவிகூட இல்லை. வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. விசில் ஊதிய பிறகு யோசிக்காதே, ஓடு. எனக்கு விசில் ஊதி எவ்வளவு காலமாயிற்று.

திரும்பி வந்தபோது பியூலா அடுப்படியில் நுங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"போகாத" என்றேன்.

அவள் நிமிரவில்லை. கை மட்டும் நின்றது.

"எனக்கு நீ இங்க வேணும். ஜெமிக்காகச் சொல்லல. வீட்டுக்காகச் சொல்லல. எனக்கு."

"கேக்கல" என்றாள்.

கேட்டிருக்கும். இருந்தாலும் மறுபடி சொன்னேன். இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஒரு நுங்கை உரித்து என்னிடம் நீட்டினாள். "தின்னுங்க. மூஞ்சியப் பாருங்க, செவசெவன்னு கெடக்கு. வெயில்ல எதுக்கு ஓடுனிய" என்றாள். நான் நுங்கைத் தின்றுகொண்டு நின்றேன்.

மே 28, புதன்

பியூலா மருத்துவமனைக்கு எழுதிவிட்டாள். ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. ஆனால் புது ஆள் வரும்வரை, ஆகஸ்ட் வரைக்கும், வேலையில் இருந்து பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் வர முடியும்.

"வந்து என்ன செய்வ? இங்க எதாவது ஆசுபத்திரில சேருவியா?" என்றேன்.

"மொதல்ல தூங்குவேன்" என்றாள். "முழிச்சப்பறம் சொல்லுதேன்."

ஜெமியிடம் சொன்னதும், "ப்பா, அம்மா கிட்ட போனக் குடுங்க" என்றாள். இருவரும் ரொம்ப நேரம் பேசினார்கள். நான் வெட்டிவேருக்குத் தண்ணீர் தெளித்தேன். காய்ந்த தட்டி நனைந்ததும் எழும் வாசனை ஹாலுக்குள் போனது.

ஜூன் 1, ஞாயிறு

மேற்கே மலைப்பக்கம் இருண்டிருக்கிறது. காற்று திரும்பிவிட்டது. குற்றாலத்தில் சாரல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். திரைகளெல்லாம் பாய்மரம்போல உப்பி நிற்கின்றன. நாளை பள்ளி திறக்கிறது.

ஜூன் 5, வியாழன்

பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு பியூலாவை விமான நிலையத்தில் விட்டு வந்தேன்.

காலையில் வாடகைக் கார் வந்தது. ஓட்டுநர் பெட்டியைக் கனமாக இருக்கும் என்று நினைத்து இரண்டு கையாலும் வேகமாகத் தூக்கினார். அது சட்டென்று தலைக்கு மேல் போய்விட்டது.

"என்னம்மா, பெட்டிக்குள்ள ஒண்ணுமே இல்லையா?" என்றார். "வெளிநாட்டுக்குப் போறவங்க ஊறுகா, கருவாடுன்னு அடைச்சுல்ல கொண்டு போவாங்க."

"நான் அங்க இருக்கத எடுத்துட்டு வாரதுக்குத்தான் போறேன்" என்றாள் பியூலா. "அதான் காலிப் பெட்டி."

வழியெல்லாம் தூறல். நாகர்கோவிலில் நிறுத்தி டீ குடித்தோம். எப்போதும் இந்தப் பயணத்தில் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. இன்று அவள் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். மழைக்காலத்துக்கு இந்தத் திரை போதுமா, பாய் பூஞ்சை பிடிக்காமல் எங்கே வைப்பது, மொட்டைமாடித் தண்ணீர் வடிகிறதா என்று பார்த்தீர்களா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

விமான நிலைய வாசலில் இறங்கினோம். உள்ளே போகும்போது அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் அழுதுவிடுவாளாம். ஒவ்வொரு வருஷமும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வருவதுதான் என் வழக்கம். இன்றும் அப்படித்தான் போனாள். காவலரிடம் சீட்டைக் காட்டினாள், கண்ணாடிக் கதவைத் தாண்டினாள். கூட்டத்தில் மறைந்துவிட்டாள். நான் காரை நோக்கித் திரும்பினேன்.

போன் அடித்தது. அவள்தான். நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என்னைப் பார்த்தபடி நிற்கிறாள்.

"என்ன, எதையாவது விட்டுட்டியா?"

"இல்ல. அடுப்படி ஜன்னலுக்கு நாம இன்னும் ஒண்ணும் செய்யல."

"நான் பாத்துக்கிடுதேன். ஜெமி கிட்ட கேட்டு—"

"அதுக்குத்தான் போன் போட்டேன்" என்றாள். "நான் வார வரைக்கும் அதத் தொடாதிய."

சரி என்றேன்.